பழைய ட்ரையாங் பொம்மை ரயில்களில் உடைந்த பிளாஸ்டிக்: எந்தப் பசை பொருந்தும்?

பொம்மை எஞ்சினின் பஃபரோ (முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் மோதல் தாங்கி) ஏறுபடியோ முறிந்துபோனால், பசையைத் தேடுவதற்கு முன் அது எந்த பிளாஸ்டிக் என்று அறிந்துகொள்ள வேண்டும். ரோவெக்ஸ் நிறுவனம் 1950-இல் தயாரித்து, இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் விற்பனைக்கு வந்து, பின்னர் ட்ரையாங் பெயரில் தொடர்ந்த 'பிரின்சஸ் எலிசபெத்' எஞ்சினின் தொடக்ககால உடற்கூடு செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனது. பின்னாளில் வந்தவற்றில் பாலிஸ்டைரீனே மிகுதி. உப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரில், பெயின்ட் இல்லாத சிறு சிராய் ஒன்றைக் காற்றுக்குமிழி ஒட்டாமல் முக்கிப் பாருங்கள்: பாலிஸ்டைரீன் மிதக்கும், அசிடேட் மூழ்கும்.

பாலிஸ்டைரீனுக்குக் கரைப்பான் வகைப் பசையை மிஞ்ச வேறொன்று இல்லை என்பது என் உறுதியான கருத்து. பியூட்டனோன் போன்ற கரைப்பான் இரு முகங்களையும் இளக்கி ஒன்றாகவே இணைத்துவிடுகிறது. துண்டுகளை உலர்ந்த நிலையில் பொருத்திப் பிடித்து, மெல்லிய தூரிகையின் நுனியை விரிசலில் தொட்டால் போதும், திரவம் தானே உள்ளே ஓடிவிடும். மெதுவாக அழுத்தும்போது விளிம்பில் இளகிய பிளாஸ்டிக் இழைபோல எட்டிப் பார்த்தால் ஒட்டு பிடித்துவிட்டது என்று பொருள். அந்த இழையை உடனே துடைக்காமல், ஒரு நாள் காயவிட்டுக் கத்தியால் சீவ வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்தே இந்த வேலையைச் செய்யுங்கள்.

பலரும் முதலில் கையிலெடுக்கும் உடனடிப் பசையை, அதாவது சயனோஅக்ரிலேட்டை, நான் பரிந்துரைக்கமாட்டேன். நொடியில் பிடித்தாலும் அடிபட்டால் எளிதில் விட்டுப்போகும். அதன் ஆவி கறுப்பு உடற்கூட்டில் வெண்படலமாகப் படியும். அதைவிடப் பெரிய தீங்கு, உடைந்த முகத்தில் அது படிந்துவிட்டால் பிற்பாடு கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொட முடியாமற்போவதுதான். அதை அகற்ற அசிட்டோன் ஊற்றினாலோ பாலிஸ்டைரீனும் சேர்ந்தே கரையும்.

அசிடேட்டின் கதை வேறு. அதுவும் அசிட்டோனில் கரையக்கூடியதே. ஆயினும் பல ஆண்டுகளில் சுருங்கி வளைந்த கூட்டில் உடைந்த முகங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது அரிது என்பதால், இடைவெளியை நிரப்பவல்ல இருபாகப் பசையான எப்பாக்சியே அங்கு நல்ல தேர்வு. ஏறுபடி போன்ற மெல்லிய பாகத்துக்கு எப்பாக்சி மட்டும் போதாது. இரு துண்டுகளிலும் நுண்ணிய துளையிட்டு 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டினால்தான் அது தாங்கும். வளைந்த கூட்டை வெந்நீரில் நிமிர்த்த முயல வேண்டாம்.

துண்டே தொலைந்துவிட்டால், இன்னொரு எஞ்சினில் உள்ள அதே பாகத்துக்கு சிலிக்கோன் அச்செடுத்து ரெசினில் (ஊற்றியபின் கெட்டியாகும் திரவப் பிளாஸ்டிக்) வார்க்கலாம். முப்பரிமாண அச்சுப்பொறியில் (3D பிரின்டர்) செய்யும்போது படியும் அடுக்குக் கோடுகள் இதில் வருவதில்லை. ரெசின் கரைப்பானில் இளகாது, ஆகவே பாலிஸ்டைரீன் கூட்டிலும் அதை எப்பாக்சியால்தான் ஒட்ட வேண்டும்.