பேரேடு படிக்கத் தெரிந்த பதினாறு வயதுப் பெண்

ஒன்பதாம் வகுப்பு முடித்த மகளுக்குக் கோடை விடுமுறையில் படிக்க வாங்கியது. பழைய புத்தகக் கடையில் 80 ரூபாய். அவள் தொடுவதற்குள் நானே ஒரு ராத்திரியில் முடித்துவிட்டேன். ஆங்கில எழுத்தாளர் பிலிப் புல்மேன் எழுதி 1985-இல் வந்த 'தி ரூபி இன் தி ஸ்மோக்' என்ற நாவல்.

1872 அக்டோபர், லண்டன். பதினாறு வயது சாலி லாக்ஹார்ட்டின் அப்பா தென்சீனக் கடலில் கப்பலோடு மூழ்கிப்போனார். அப்புறம் சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. பழக்கமில்லாத கையெழுத்து, எங்கும் எழுத்துப்பிழை. 'ஏழு ஆசிகள்' என்று ஏதோ ஒன்றைச் சொல்லி எச்சரிக்கிறது. சாலி அப்பாவின் கப்பல் கம்பெனிக்குப் போய், அங்கே இருக்கும் செயலரிடம் அந்தப் பெயரைக் கேட்கிறாள். கேட்ட மாத்திரத்தில் அவர் உயிர் போய்விடுகிறது. இதெல்லாம் முதல் சில பக்கங்களுக்குள்.

நான் மேல்நிலை வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் எடுக்கிறேன். அதனால்தான் இந்தப் பெண்ணை எனக்கு இவ்வளவு பிடித்தது. அவள் காலத்துப் பெண்களுக்குக் கற்பித்த எதுவும் சாலிக்குச் சரியாக வராது. அப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது கணக்கு எழுதுவது, பங்குச் சந்தை, போர்த் தந்திரம், துப்பாக்கி, கொஞ்சம் இந்துஸ்தானி. போட்டோ ஸ்டுடியோ நடத்தும் கார்லண்ட் குடும்பத்தோடு தங்கப் போகும்போது, அவர்கள் கையில் ஏன் காசு நிற்பதில்லை என்று கணக்கைப் பார்த்தே கண்டுபிடிக்கிறாள். கதை சொல்லும் ஸ்டீரியோ படங்களை (இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம், கருவி வழியே பார்த்தால் ஆழம் தெரியும்) எடுத்து விற்கலாம் என்று வழியும் சொல்கிறாள். கொலைக் கதைக்கு நடுவில் வரும் இந்தப் பக்கங்களை நான் இரண்டு முறை படித்தேன். பற்று, வரவு என்றாலே முகம் வாடும் பிள்ளைகளுக்கு, பேரேட்டை வைத்துத் துப்புத் துலக்கும் ஒருத்தியைக் காட்ட முடிகிறதே!

கதையின் அடியில் ஓடுவது அபின். அபின் வியாபாரத்தை ஊருக்கு வெளியே நடந்த குற்றமாக ஆசிரியர் ஒதுக்கிவிடவில்லை. அது மரியாதையான கம்பெனிகளின் சரக்கு, அரசாங்கத்துக்கு வருமானம். அன்றைய லண்டனில் மருந்துக்கடையிலேயே அபின் கிடைத்தது. இங்கே கங்கைச் சமவெளி விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசா பயிரிட வைத்து, அரசு வைத்த விலைக்கே வாங்கி, பாட்னாவிலும் காஜிப்பூரிலும் பதப்படுத்தி, கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். அங்கிருந்து சீனாவுக்குக் கப்பல். மகளுக்கு இதையெல்லாம் வரைபடம் வைத்துச் சொன்னேன். கதையில் வரும் மாலுமி அபினுக்கு அடிமையாகி, லண்டனின் வேப்பிங் பகுதியில் திருமதி ஹாலண்டின் விடுதியில் கிடக்கிறான். அந்த இடம் வந்ததும், "இந்த அபின் நம்ம ஊர்ல இருந்து போனதாம்மா?" என்று கேட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. 1857 கிளர்ச்சியும் அக்ராப்பூர் என்ற கற்பனை சமஸ்தானத்தின் மாணிக்கக் கல்லும் கதைக்கு ஆதாரம். ஆனாலும் மனதில் நிற்கிற மாதிரி ஓர் இந்தியர் பேசுவதில்லை. சீன ரகசியக் கும்பலும் பழைய படங்களில் பார்த்த அதே மாதிரிதான். இவ்வளவு நுட்பமாக எழுதுகிறவர் இதையும் யோசித்திருக்கலாம்.

எட்டாவது வகுப்புக்குக் கீழே கொடுக்க வேண்டாம். சாவு நிறைய வருகிறது, சாலியே ஒரு கட்டத்தில் அபின் புகையை உள்ளிழுக்கிறாள். கம்பெனியில் எடுபிடி வேலை பார்க்கும் ஜிம், திருமதி ஹாலண்ட் இருவரும் பேசுவது லண்டன் தெருப் பேச்சு. கண்ணால் பார்த்தால் புரியாத வரியை வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். காலணா மர்மக் கதைகளை விடாமல் படிக்கும் ஜிம்தான் மகளுக்கு ரொம்பப் பிடித்தவன்.

இரண்டாவது புத்தகம் 'தி ஷேடோ இன் தி நார்த்' வந்து சேர்ந்துவிட்டது. அதில் சாலி முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் நடத்துகிறாள். அவள் பேச்சைக் கேட்டுக் கப்பல் கம்பெனியில் பணம் போட்ட ஒரு வயதான அம்மாவின் சேமிப்பு மொத்தமும் போய்விடுகிறது. இந்த முறை மகள்தான் முதலில் படிக்கிறாள்.