ஐஒக்ரல் ஹெடருக்கு எது: அன்சைன்ட் லாங்கா, யூஇன்ட்32_டியா, __யூ32ஆ?

ஐஒக்ரல் என்பது ஒரு புரோகிராம் டிறைவருக்குக் கட்டளை அனுப்பும் வழி. லினக்ஸ் டிறைவரின் ஐஒக்ரல் ஹெடரைக் கேர்ணலும் கொம்பைல் பண்ணும், டிறைவரைப் பாவிக்கிற புரோகிராமும் கொம்பைல் பண்ணும். இரண்டும் ஒரே அளவைக் காண வேண்டும். நான் எடுப்பது __யூ32, __யூ64 குடும்பம்: லினக்ஸ் கேர்ணலின் சொந்த 32, 64 பிற் எண் வகைகள்.

அன்சைன்ட் லாங்கைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை: 32 பிற் லினக்ஸில் 4 பைற், 64 பிற்றில் 8. பொயின்டரும் அப்படித்தான். அதை __யூ64இல் போட்டு அனுப்பி, கேர்ணலுக்குள் யூ64_டு_யூசர்_பிடிஆர் என்ற மேக்ரோ கொண்டு திரும்பப் பொயின்டராக எடுக்கலாம்.

சி99 தந்த யூஇன்ட்32_டியில் குறை சொல்ல ஏலாது, கேர்ணலுக்குள்ளும் செல்லும். ஆனால் பொது ஹெடரில் வைத்தால் சி நூலகத்தின் ஹெடரும் கூடவே வர வேண்டும். கேர்ணலின் எழுத்துநடை ஆவணமும் அங்கே __யூ32 வகையையே கேட்கிறது. பிரீபிஎஸ்டி யூஇன்ட்32_டியையே பாவிக்கிறது, அந்தப் பக்கம் என் வாதம் எடுபடாது.

உண்மையில் கழுத்தறுப்பது இடைவெளி. ஸ்ட்ரக்டில் முதலில் ஒரு __யூ32, அடுத்து ஒரு __யூ64 வையுங்கள். 64 பிற் எக்ஸ்86இல் கொம்பைலர் நடுவில் 4 பைற் விட்டு 16 ஆக்கும். 32 பிற் எக்ஸ்86இல் ஸ்ட்ரக்டுக்குள் 64 பிற் எண்ணுக்கு 4 பைற் ஒழுங்கே (4ஆல் வகுபடும் இடத்தில் தொடங்குவதே) காணும் என்பதால் 12தான். ஐஒக்ரல் கட்டளை எண்ணுக்குள் ஸ்ட்ரக்டின் அளவும் அடங்கும். ஆகவே 32 பிற் புரோகிராம் அனுப்பும் எண்ணை 64 பிற் கேர்ணல் அடையாளம் காணாது, 25ஆம் இலக்கப் பிழையான ஈநொட்டி (இந்தச் சாதனத்துக்கு இந்தக் கட்டளை பொருந்தாது) திரும்பும். பார்ப்பவர் டிவைஸ் கோப்பைத்தான் சந்தேகிப்பார்.

யாழ்ப்பாணத்தில் ராஸ்பெரி பையில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இது பிடிபடாது. 32 பிற் ஆர்மில் இன்றைய ஒழுங்கு 8 பைற்றேதான். 64 பிற் எக்ஸ்86 லினக்ஸில் 32 பிற் புரோகிராமை ஓடவிட்டால்தான் வெளிக்கும்.

யூஇன்ட்64_டி போட்டாலும் இந்த வருத்தம் மாறாது. ஆனால் __யூ குடும்பத்தில் __அலைன்ட்_யூ64 இருக்கிறது, எங்கும் 8 பைற் ஒழுங்கைக் கட்டாயப்படுத்தும். அதைவிட எனக்குப் பிடித்தது இடைவெளியைப் பேட் என்ற வெற்று உறுப்பால் கையால் நிரப்புவது: __யூ32 ஐடி, __யூ32 பேட், __யூ64 நேரம். இரண்டு பக்கமும் 16. பெரியதை முதலில் வைத்தால் தீருமென்று நினைக்க வேண்டாம், வால் பக்கத்திலும் அதே 4 பைற் வித்தியாசம் வரும். பிழைதிருத்தத் தகவலோடு கொம்பைல் பண்ணி, ஸ்ட்ரக்டின் அமைப்பைக் காட்டும் பாஹோல் கருவியில் பார்த்தால் ஓட்டைகள் அப்படியே தெரியும். கவனியாத ஓட்டை வழியே கேர்ணல் நினைவகத்தின் மிச்சமும் வெளியே கசியலாம்.

பேட் 0 இல்லையென்றால் டிறைவர் ஈஇன்வால் (செல்லாத மதிப்பு என்ற பிழை) திருப்பட்டும். விட்டுவிட்டால் குப்பையோடு அனுப்பும் புரோகிராம்கள் பெருகி, நாளைக்கு அந்த 4 பைற்றை ஒரு கொடிக்குக்கூட (ஃபிளாக்) எடுக்க ஏலாது.