டியூப் மாற்றிய சேவைக்கு ஒன்று, அவசரப் பிரிவுக்கு ஐந்து

அப்பாவுக்குச் சிறுநீர் டியூப் மாற்ற, வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு சேவையைக் கூப்பிட்டோம். வந்தவர் நேரத்துக்கு வந்தார், சுத்தமாக வேலை பார்த்தார், அதுவரை குறையே இல்லை. ஆனால் டியூப் போடுவதற்காகப் பின்னால் தள்ளிய முன்தோலைத் திரும்ப இழுத்து, ஆணுறுப்பின் நுனியிலுள்ள மொட்டை மூடாமலே போய்விட்டார். இரண்டு விநாடி வேலை. அதற்காகத்தான் ஒரே நட்சத்திரம்.

மறுநாள் காலை துடைத்துவிடும்போதுதான் பார்த்தேன். மொட்டுக்குப் பின்னால் தோல் காற்றடித்த வளையம்போல உப்பி, நீர் கோத்துப் பளபளவென்று இருந்தது, அதற்கும் பின்னால் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியதுபோல ஒரு பள்ளம். பக்கவாதம் வந்தபிறகு அப்பாவுக்குப் பேச்சு வராது, இரவெல்லாம் முனகியதைத் தூக்கம் வராமல் முனகுகிறார் என்று நினைத்துவிட்டேன், அது இன்னும் மனதை அறுக்கிறது.

அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் பார்த்ததுமே பாராஃபைமோசிஸ் என்றார், ஒரு நிமிடம்கூடக் காக்க வைக்கவில்லை. தோல் பின்னால் போகவே முடியாமல் இறுகியிருந்தால் அது ஃபைமோசிஸ், இது பின்னால் போன தோல் முன்னே வர முடியாமல் மாட்டிக்கொள்வது. வளையம் இறுக்குவதால் இரத்தம் திரும்ப வழியில்லாமல் வீங்கும், வீங்க வீங்க இன்னும் இறுகும், அப்படியே விட்டால் மொட்டுக்கு இரத்தமே போகாமல் அழுகிவிடும். மொட்டு கறுத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார், நல்லவேளை இல்லை.

மரத்துப்போகும் ஜெல் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, வீங்கிய இடத்தை உள்ளங்கைக்குள் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கிட்டத்தட்ட 10 நிமிடம் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். "இன்னும் கொஞ்சம்தான் ஐயா" என்று அப்பாவிடம் பேசிக்கொண்டேதான். வீக்கம் வடிந்ததும் இரண்டு கட்டைவிரலாலும் மொட்டை உள்ளே தள்ளி, மற்ற விரல்களால் தோலை முன்னே இழுத்தார், சட்டென்று ஏறிவிட்டது. கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்திருந்த அப்பாவின் கை அப்போதுதான் தளர்ந்தது. கையால் முடியாவிட்டால் ஊசியால் குத்தி நீரை வடிப்பார்களாம், அதற்கும் மசியாவிட்டால் அந்த வளையத்தைக் கீறிவிட வேண்டுமாம்.

அப்புறம் சில நாள் தோலைப் பின்னால் தள்ளவே வேண்டாம் என்றார், திரும்ப வரக்கூடியது என்பதால் யூராலஜி டாக்டரையும் பார்க்கச் சொன்னார். முழு ஐந்து நட்சத்திரம், மனதார.

டியூப் சேவைக்குப் போன் செய்தேன், அடுத்த முறை வேறு ஆளை அனுப்புகிறோம் என்றார்கள். ஆளை மாற்றுவது இருக்கட்டும், கிளம்பும் முன் தோலை மூடியாயிற்றா என்று பார்க்க எல்லாருக்கும் சொல்வீர்களா என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.