ஷூட்டர் ஆட எந்த கண்ட்ரோலர்? வலது கட்டைவிரலைக் கேளுங்கள்

ஷூட்டர் என்பது துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம். அந்த வகையைச் சேர்ந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸை இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஆடிவிட்டு எழுந்தால் எனக்கு முதலில் வலிப்பது வலது கட்டைவிரலின் அடிமேடுதான். உள்ளங்கையோடு விரல் சேரும் இடத்தில் திரண்டிருக்கும் சதை. இடது கையில் ஒன்றும் இருக்காது. வலதில் மட்டும் ஏன் என்று ஒருநாள் ஆட்டத்தை விட்டுவிட்டு என் கையையே கவனித்தேன். குறி வைப்பது வலது ஸ்டிக்கில், அதாவது கட்டைவிரலால் சுற்றித் தள்ளும் சிறிய குச்சியில். குதிக்க ஏ, குனிய பி, தோட்டா நிரப்ப எக்ஸ், துப்பாக்கி மாற்ற ஒய். ஐந்து வேலைக்கும் ஒரே விரல். ஒரு சிறிய சண்டைக்குள் அது ஸ்டிக்கை விட்டு மேலே ஏறி, பட்டனை அழுத்தி, திரும்ப இறங்கி, ஸ்டிக்கின் குழியைத் தேடிப் பிடிக்கிறது. விரல் வெளியே இருக்கும் அந்தக் கணத்தில் எதிராளி நகர்ந்துவிடுகிறான். விட்ட தூரத்தைப் பிடிக்க விரல் இன்னும் பலமாகத் தள்ளுகிறது. வலி அங்கேதான் பிறக்கிறது.

அதனால் ஷூட்டருக்கென்று கண்ட்ரோலர் பார்க்கும்போது நான் கேட்பது இரண்டே கேள்வி. வலது கட்டைவிரல் எத்தனை முறை ஸ்டிக்கை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது? ஸ்டிக் மேல் இருக்கும்போது எவ்வளவு தளர்வாக இருக்கிறது? அதிர்வு, விளக்கு, நிறம் எல்லாம் பிறகு.

கடைக்குப் போகும் முன் ஒன்று. வாலரன்ட்டின் பிசி பதிப்பு கண்ட்ரோலரை ஏற்காது. அதை மனதில் வைத்து வாங்கிவிடாதீர்கள். ஏபெக்ஸ், வார்சோன், ஃபோர்ட்நைட், ஹேலோ இன்ஃபினிட், டெஸ்டினி 2 ஆகியவை பிசியிலும் கண்ட்ரோலரை ஏற்று எய்ம் அசிஸ்ட்டும் (குறி எதிராளி மேல் நிற்க விளையாட்டே தரும் சிறு உதவி) தருகின்றன. இந்த அலசல் அவற்றை ஆடுபவர்களுக்கு.

நான் ஒப்பிடுவது நான்கு: எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கண்ட்ரோலரின் 2020 மாடல், சோனியின் டூயல்சென்ஸ், கேம்சர் ஜி7 எஸ்இ, எய்ட்பிட்டூ அல்டிமேட் 2சி.

வடிவத்திலிருந்து தொடங்கலாம். எக்ஸ்பாக்ஸையும் டூயல்சென்ஸையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வலது ஸ்டிக் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான், கீழே, நடுவை ஒட்டி இருக்கிறது. மாறுவது இடது ஸ்டிக். எக்ஸ்பாக்ஸில் அது மேலே, ஓரமாக இருக்கிறது. கையை மடியில் தளர விட்டுப் பிடித்தால் இடது கட்டைவிரல் தானாகவே அங்கே போய் உட்காரும். டூயல்சென்ஸில் அந்த இடத்தைத் திசை பட்டன்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன; ஸ்டிக்குக்குப் போக விரலை உள்பக்கம் வளைக்க வேண்டும். ஷூட்டரில் ஓட்டம், ஒதுங்கல், பதுங்கல் எல்லாமே இடது ஸ்டிக்கில் நடப்பதால் அந்த வளைவு ஆட்டம் முடியும்வரை நீடிக்கும். பல வருடம் பிளேஸ்டேஷனில் கை பழகியவருக்கு இது உறைக்காது. புதிதாகத் தொடங்குபவர் என்றால் தயங்காமல் எக்ஸ்பாக்ஸ் அமைப்பு என்பேன். கேம்சரும் எய்ட்பிட்டூவும் அதே அமைப்புதான்.

கை அளவும் முக்கியம். மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை எனக்கு 19 சென்டிமீட்டர், என் தங்கைக்கு 16. டூயல்சென்ஸின் அகலம் 16 சென்டிமீட்டர். அதைக் கையில் வாங்கிப் பார்த்தவள், "அண்ணா, நடுவுல இருக்கிற ஸ்டிக்கைப் பிடிச்சா மேல் விளிம்புல இருக்கிற எல்1 பட்டன் எட்ட மாட்டேங்குது" என்றாள். எனக்கோ அதே கண்ட்ரோலரின் நீண்ட கைப்பிடி உள்ளங்கையை முழுதாக நிரப்புகிறது. சுண்டுவிரல் வெளியே தொங்குவதில்லை. 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் பூதாகரமான கண்ட்ரோலரை நினைத்துப் பார்த்தால் 2020 மாடல் எவ்வளவோ இறங்கி வந்திருக்கிறது. சிறிய கைகளுக்கும் பொருந்தட்டும் என்றே உடலைக் கொஞ்சம் சுருக்கினார்கள். தங்கை கடைசியில் கீழே வைக்க மறுத்தது எய்ட்பிட்டூவை.

எடையில் எக்ஸ்பாக்ஸ், பேட்டரியோடு சேர்த்து 287 கிராம். டூயல்சென்ஸ் சுமார் 280. கேம்சர் ஜி7 எஸ்இ வயர் மாடல், உள்ளே பேட்டரி கிடையாது, 221 கிராம். அறுபது கிராம்தானே என்று தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து மணிக்கட்டில் தெரியும். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: யுஎஸ்பி-சி கேபிள் போட்டு ஆடும்போது அந்த இரண்டு ஏஏ பேட்டரிகள் தேவையே இல்லை. கழற்றிவிட்டால் கிட்டத்தட்ட ஐம்பது கிராம் குறையும். முதுகுப் பக்கம் இழுக்கும் அந்தச் சுமையும் போய்விடும்.

இனி ஆட்டத்தைத் தீர்மானிக்கும் விஷயம், கண்ட்ரோலரின் பின்பக்கத்தில் இருக்கும் பேக் பட்டன். எக்ஸ்பாக்ஸிலும் டூயல்சென்ஸிலும் பின்பக்கம் ஒன்றுமே இல்லை. கேம்சர் ஜி7 எஸ்இ-யில் பின்னால் இரண்டு பட்டன்கள், பிடியை அணைக்கும் நடுவிரல் சும்மா இருக்கும் இடத்தில் இருக்கின்றன. வலதில் குதிப்பதையும் இடதில் குனிவதையும் போட்டு வைத்திருக்கிறேன். குதித்துக்கொண்டே குறி பார்க்கலாம், சறுக்கிக்கொண்டே சுடலாம். கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு அசைவதே இல்லை. முதல் வாரம் தெரியாமல் அழுத்திவிடுவோம் என்ற பயம் இருந்தால் பட்டன் ஒவ்வொன்றுக்கும் பூட்டு இருக்கிறது. பழகும்வரை ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள்.

எய்ட்பிட்டூ 2சி-யும் கூடுதலாக இரண்டு பட்டன் தருகிறது. ஆனால் அவை பின்னால் இல்லை. மேலே, பம்பர்கள் எனப்படும் மேல் விளிம்புப் பட்டன்களை ஒட்டி உள்பக்கமாக இருக்கின்றன. எட்டிப் பிடிக்க வேண்டியது ஆள்காட்டி விரல். ஷூட்டரில் அந்த விரலின் இடம் ட்ரிகர், பம்பருக்குக் கீழே இருக்கும் சுடும் விசை. ஆக குதிக்க வேண்டுமென்றால் சுடும் விரலை எடுக்க வேண்டும். கட்டைவிரலின் சுமை ஆள்காட்டி விரலுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ட்ரிகரில் நடுவிரலும் பம்பரில் ஆள்காட்டி விரலும் வைத்துப் பிடிப்பவர்களுக்கு இந்த அமைப்பு அழகாகப் பொருந்தும். மற்றவர்கள் அந்தப் பட்டன்களில் வரைபடம், மருந்து மாதிரி அவசரமில்லாத வேலைகளைப் போடலாம்.

ஸ்டிக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் கை வலிக்கும் தொடர்பு உண்டு. எக்ஸ்பாக்ஸ், டூயல்சென்ஸ் இரண்டிலும் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர்: கார்பன் தடத்தின் மேல் ஒரு சிறிய உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். உரசினால் தேயும். தேய்ந்தால் தொடாமலேயே குறி நகரும், அதுதான் டிரிஃப்ட். நான் முதலில் வைத்திருந்த கண்ட்ரோலர் ஒன்றரை வருடத்தில் இப்படி ஆனது. சமாளிக்க டெட்ஸோனை, அதாவது ஸ்டிக் அசைந்தாலும் விளையாட்டு கண்டுகொள்ளாத நடுப்பகுதியை, கூட்டினேன், மறுபடியும் கூட்டினேன். டெட்ஸோன் கூடக் கூட, குறி அசைய ஆரம்பிக்கவே ஸ்டிக்கை அதிக தூரம் தள்ள வேண்டும். மெல்லிய திருத்தங்களுக்கெல்லாம் விரல் மல்லுக்கட்டியது. அந்த மாதங்களில்தான் எனக்கு வலி மிக அதிகம்.

கேம்சரும் எய்ட்பிட்டூவும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் வைத்திருக்கின்றன. காந்தம் நகர்வதை சென்சார் தொடாமலே அளக்கும். உரசல் இல்லை, தேய்மானமும் இல்லை. புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் அல்ல. எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டது 1879-ல். சேகா 1998-ல் ட்ரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே பயன்படுத்தியது. ஸ்பிரிங் வருடக்கணக்கில் தளரலாம், ஆனால் டெட்ஸோனைக் குறைவாக வைத்துக்கொண்டு விரலை நோகாமல் அசைத்து ஆட முடிகிறது.

ட்ரிகர் பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்பாக்ஸ் ட்ரிகரின் பயணம் நீளம், ஆனால் மென்மை. டூயல்சென்ஸின் அடாப்டிவ் ட்ரிகர் துப்பாக்கிக்குத் துப்பாக்கி இறுகித் தளர்வது முதல் நாள் பரவசம் தரும். பிசியில் அது ஆதரிக்கும் விளையாட்டுகளில் மட்டும், பெரும்பாலும் கேபிள் போட்டால்தான் வேலை செய்யும். நீண்ட ஆட்டத்துக்கு நான் அணைத்துவிடுவேன், இறுக்கம் ஆள்காட்டி விரலைக் களைப்பாக்குகிறது. கேம்சரில் லேசாகத் தொட்டாலே சுடும்படி ஹேர் ட்ரிகர் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் டூயல்சென்ஸை ஒதுக்க முடியாததற்குக் காரணம் ஜைரோ, சாய்வை உணரும் சென்சார். கண்ட்ரோலரைச் சாய்த்தால் குறி நகரும். ஸ்டிக்கால் ஏறக்குறைய எதிராளியின் பக்கம் திரும்பி, கடைசி நூலளவை மணிக்கட்டால் திருத்தலாம். கட்டைவிரலின் நுணுக்க வேலை பாதி கழன்றுவிடுகிறது. ஃபோர்ட்நைட் ஜைரோவை நேரடியாக ஏற்கிறது. மற்றவற்றுக்கு பிசி விளையாட்டுத் தளமான ஸ்டீமின் இன்புட் வசதி வழியாக ஜைரோவை மவுஸ் அசைவாக மாற்றி அமைக்கலாம், ஆனால் சில விளையாட்டுகள் மவுஸ் அசைவையும் கண்ட்ரோலரையும் ஒரே நேரத்தில் ஏற்காமல் தடுமாறும். எக்ஸ்பாக்ஸிலும் ஜி7 எஸ்இ-யிலும் ஜைரோ இல்லை. இன்னொன்று, டூயல்சென்ஸின் பின்புறத்தை வெளிச்சத்தில் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். சொரசொரப்பு என்று நினைப்பது உண்மையில் கடுகிலும் சிறிய முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரங்கள். சித்திரை மாதச் சென்னையில் மின்விசிறிக்குக் கீழே உள்ளங்கை வியர்த்தாலும் வழுக்கியதில்லை. ஸ்டீமுக்கு வெளியே அதை ஓட்ட டிஎஸ்4விண்டோஸ் மாதிரி ஒரு மென்பொருள் தேவைப்படலாம். எக்ஸ்பாக்ஸ் வகைகளுக்கு அந்த வேலை இல்லை, சொருகினால் ஓடும்.

எய்ட்பிட்டூவின் பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 1000 ஹெர்ட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தகவல் போகிறது, நல்லதுதான். 60 ஹெர்ட்ஸ் திரையோ படத்தை மாற்றவே பதினாறு மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. கை வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எக்ஸ்பாக்ஸ் எலைட் சீரிஸ் 2-வில் பின்பக்கம் பேடில் எனப்படும் நான்கு விசைகள், ஸ்டிக் இறுக்கத்தைத் திருகி மாற்றும் வசதி எல்லாம் உண்டு. எடை 345 கிராம். அந்தப் பணமும் அந்தக் கனமும் எனக்கு ஒத்துவரவில்லை.

நான் இன்று தினமும் கையில் எடுப்பது கேம்சர் ஜி7 எஸ்இ. மூன்று மீட்டர் கேபிள் இருப்பதால் கட்டிலில் சாய்ந்துகொண்டும் ஆட முடிகிறது. தொங்கி இழுக்காமல் மடிமேல் ஒரு சுற்றுப் போட்டுக்கொள்வேன். வயரே வேண்டாம், கை சிறியது என்றால் எய்ட்பிட்டூ. பெரிய கை, ஜைரோ கற்கப் பொறுமை இருக்கிறது என்றால் டூயல்சென்ஸ். எக்ஸ்பாக்ஸைக் கையில் பிடித்தால் நான்கிலும் இதமான வடிவம் அதுதான், ஆனால் பேக் பட்டன் இல்லாமல் ஷூட்டருக்கென்றே அதைப் புதிதாக வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏற்கெனவே எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் புதிது வாங்கும் முன் விளையாட்டின் செட்டிங்கில் பம்பர் ஜம்பர் என்ற பட்டன் அமைப்பைத் தேடுங்கள். ஏபெக்ஸில் இருக்கிறது, ஹேலோ இன்ஃபினிட்டிலும் கால் ஆஃப் டூட்டியிலும் இருக்கிறது. குதிப்பது இடது பம்பருக்குப் போய்விடும், வலது கட்டைவிரலின் பயணங்களில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். முதல் இரண்டு மூன்று நாள் பழக்கதோஷத்தில் கை ஏ பட்டனுக்கே ஓடும். தரவரிசை ஆட்டத்துக்குப் போகாமல் பயிற்சி மைதானத்தில் தினம் இருபது நிமிடம் குதித்துக்கொண்டே சுட்டுப் பாருங்கள்.