இங்கிலீஷ் வேர்டு ஆப்: இரண்டு வருஷத்துக்கு அப்புறம்

சந்தாவில் பாதி தள்ளுபடி போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் பனியன் கம்பெனி பேக்கிங்கில் இருக்கிற தம்பி, "ஏனுங்ண்ணா, நீங்க வெச்சிருக்கற வேர்டு ஆப்புக்குப் பணம் கட்டலாமுங்களா?" என்று கேட்டான். இங்கிலீஷ் பேப்பரைத் தடங்கலில்லாமல் படிக்க வேண்டும் என்று 2023 கடைசியில் வாங்கியது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. 'அட்வான்ஸ்டு' என்றால் நீளமான சொல் என்று நினைத்துக்கொண்டு செய்த ஆப் இது. பெர்ஸ்பிகேஷியஸ் மாதிரி சொற்களை மூன்று மாதம் உருப்போட்டேன். ஒன்றுகூடப் பேப்பரில் கண்ணில் படவில்லை. தலைப்பில் இடம் குறைவு. அதனால் அங்கே வருவதெல்லாம் குட்டிச் சொற்கள்: கர்ப் (கட்டுப்பாடு), மல் (யோசிப்பது), ப்ரோப் (விசாரணை), குவாஷ் (ரத்து செய்வது). 'நாட்' என்றால் தலையாட்டுவது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், பேப்பரில் அது ஒப்புதல். வரிசைக்கு 'ரோ' என்று படித்த அதே எழுத்துகளை 'ரௌ' என்று சொன்னால் தகராறு. இவற்றில் ஒன்றுகூட ஆப்பின் பட்டியலில் இல்லை.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூர் தினமும் செய்தியில் இருந்தது. ஒரு தலைப்பில் 'ரீலிங்' என்று வந்தது. ரீல் என்றால் எனக்குத் தெரிந்தது நூல் சுற்றுகிற கட்டைதான். ஆப்பும் அதையேதான் காட்டியது. அடி வாங்கித் தள்ளாடுவதற்கும் அதே சொல் என்று வீட்டிலிருந்த பழைய அகராதிதான் சொன்னது. என் சம்பளமே தொங்கிக்கொண்டிருந்த செய்தி அது. அதைப் படிக்க உதவாத ஆப் எதற்கு என்று அழிக்கவே போய்விட்டேன்.

'சாங்ஷன்' இன்னும் மோசம். லோன் சாங்ஷன் ஆனால் அனுமதி, ரஷ்யா மேல் சாங்ஷன் என்றால் தடை. நேர் எதிரான இரண்டு பொருளும் பேப்பரில் புழங்குகின்றன. 'தடை' என்று எழுதினால் ஆப் சிவப்பில் தப்பு என்கிறது. இரண்டு தடவை புகார் எழுதினேன், பதில் வரவில்லை.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் இருக்கிற அட்டையை, மறக்கிற நேரம் பார்த்துத் திரும்பக் கொண்டு வருகிறது பாருங்கள், அது அபாரம். நாலு நாள், அப்புறம் பத்து நாள், அப்புறம் ஒரு மாதம் என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மானியர் தன் மறதியைத் தானே சோதித்து 1885இல் எழுதி வைத்ததுதான் இதற்கெல்லாம் வேர். சொந்தமாக அட்டை எழுதவும் இடம் இருக்கிறது. செய்தித் தலைப்பை முழு வரியாக ஒரு பக்கம், தமிழில் பொருளை மறுபக்கம் என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் சொற்கள் மனசில் உட்கார்ந்தன. போன வாரம் பல்லடம் பஸ்ஸில் ஒரு ஐகோர்ட் செய்தி படித்தேன். குவாஷ், ஸ்டே, ரிமாண்ட் மூன்றும் ஒரே பத்தியில் வந்தன. எங்கேயும் நிற்காமல் கடைசி வரி வரை போனேன். அந்தச் சந்தோஷம் வீடு வந்து சேரும் வரை இருந்தது.

தம்பியிடம், "கட்டாதே கண்ணு. ஒரு நோட்டு வாங்கி தினம் ரெண்டு தலைப்பு எழுது, வாராவாரம் திருப்பிப் பாரு" என்று சொல்லிவிட்டேன். நான் நேற்று ராத்திரி இன்னொரு வருஷத்துக்குக் கட்டிவிட்டேன். என் கையால் எழுதின அறுநூறு அட்டை அதற்குள் இருக்கிறது, 'ரீலிங்' உட்பட.