ஒன்பது மாத ஊசி அனுபவம்: குமட்டலைச் சொன்னார்கள், மலச்சிக்கலைச் சொல்லவில்லை

உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்தான செமாக்ளூடைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் இந்தியாவில் முடிந்து, உள்நாட்டு நிறுவனங்களின் ஊசிகள் கடைக்கு வந்ததிலிருந்து என்னிடம் விசாரிப்பவர்கள் கூடிவிட்டார்கள். போன வாரம் அலுவலகத்தில் அடுத்த மேசைப் பெண், "அக்கா, விலைதான் இறங்கிவிட்டதே, நானும் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாள். 2025 ஜூலையில் நான் தொடங்கியபோது மாதத்துக்கு 17,000 ரூபாய்க்கு மேல் ஆனது. விலையைப் பற்றி என்றால் ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். எனக்குச் சொல்ல இருந்தது வேறு. அதை நின்றுகொண்டே சொல்லி முடிக்க முடியாது.

வாரம் ஒரு ஊசி, 0.25 மில்லிகிராமில் ஆரம்பம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவு கூடும் என்பதெல்லாம் கேட்பவர்களுக்கே தெரிந்திருக்கிறது. குமட்டலைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கும் குமட்டியது. ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் மோசம் என்று தெரிந்ததும் வெள்ளி இரவுக்கு மாற்றிக்கொண்டேன்; சனி, ஞாயிறு வீட்டில் கழிந்துவிடும். மூன்றாவது வாரம் மாலையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டேன். நள்ளிரவில் வாந்தி எடுத்தபோது பஜ்ஜி ஏறக்குறைய அப்படியே வெளியே வந்தது. இரைப்பை காலியாவதை இந்த மருந்து எவ்வளவு மெதுவாக்குகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு எண்ணெய்ப் பண்டத்தைத் தொடவில்லை. ஒரு தோசையைப் பாதிப் பாதியாக இரண்டு வேளைக்குச் சாப்பிட்டேன், சுக்குத் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்தேன். ஆறாவது வாரத்தில் குமட்டல் அடங்கிவிட்டது.

என் கோபமெல்லாம் மலச்சிக்கல்மீதுதான். முதல் நாள் மருத்துவர் என்னோடு பேசியது ஐந்து நிமிடம் இருக்கும். மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவைத் திருப்புவது, ஊசியைக் குத்தியபின் ஆறு எண்ணும்வரை எடுக்காமல் இருப்பது, குமட்டினால் போட வேண்டிய மாத்திரை எல்லாவற்றையும் சொன்னார். வெளிக்குப் போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இத்தனைக்கும் இது அரிதான தொல்லை இல்லை. மருந்தோடு வரும் தாளிலேயே முதல் சில வரிகளுக்குள் இருக்கிறது. பேசக் கூச்சப்படும் விஷயம் என்பதாலேயே மருத்துவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

நடப்பது இதுதான். சாப்பாடு பாதியாகிறது, அதோடு நார்ச்சத்தும் பாதியாகிறது. குடல் மந்தமாகிறது. இதற்குமேல், எனக்குத் தாகமே எடுக்கவில்லை. காலையில் நிரப்பிக்கொண்டு போன ஒரு லிட்டர் பாட்டில் மாலையில் முக்கால்வாசி நிறைந்தபடியே திரும்பி வரும். நான் அதைக் கவனிக்கவே இல்லை. செப்டம்பர் கடைசியில் 1.7 மில்லிகிராமுக்கு ஏற்றினார்கள். தீபாவளிக்கு முந்தைய ஐந்து நாளும் வெளிக்குப் போகவில்லை. வீட்டு வழக்கப்படி, தண்ணீரில் ஊறி உப்பும் நார்ப்பொடியான இசப்கோலை எடுத்தேன். வயிறு திம்மென்று இருந்ததால் அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு கரண்டி கலக்கி விழுங்கினேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. டம்ளரின் அடியில் ஒட்டிக்கிடந்த மிச்சம் பத்து நிமிடத்தில் கஞ்சிப் பசைபோல இறுகியிருந்தது. போதிய தண்ணீர் இல்லாவிட்டால் உள்ளேயும் அதே கதைதான். தீபாவளியன்று லேகியம் கிண்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மதியம் எனிமாவுக்காக மருத்துவமனையில் படுத்திருந்தேன். ஆசனவாயில் வெடிப்பு. மூன்று வாரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

அங்கே என்னைப் பார்த்த அறுவை மருத்துவர் முதலில் கேட்டதே "ஊசி ஏதாவது போடுகிறீர்களா?" என்றுதான். எந்த நடைமுறைக்காக மயக்கம் கொடுப்பதாக இருந்தாலும், இந்த ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்லச் சொன்னார். பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாமாம். விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி வந்து, முதுகுக்கும் பரவி, விடாமல் இருந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே வரச் சொன்னார். அது கணைய அழற்சியாக இருக்கலாம். இதையெல்லாம் நான்காவது மாதத்தில், வலியோடு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கேட்க நேர்ந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியவை.

இன்னொன்றும் எனக்குத் தெரியாது. இந்த மருந்து தலைவலி மாத்திரைபோல மறுநாள் இறங்கிவிடுவதில்லை. ஒரு வாரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். அதனால் தொல்லை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது; அளவு ஏறும் முன்பே குடலைச் சரிசெய்திருக்க வேண்டும். மருத்துவர் என்னை 1 மில்லிகிராமுக்கு இறக்கினார், இரவில் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் எழுதிக்கொடுத்தார். தண்ணீரைத் தாகத்துக்கு விடாமல் கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்கிறேன்; சோற்றைக் குறைத்தாலும் கீரை, வாழைத்தண்டு, சுண்டலைக் குறைப்பதில்லை. இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது போகிறது.

மருந்தால் எனக்குக் கிடைத்த நல்லதையும் சொல்ல வேண்டும். 88 கிலோவிலிருந்து 77க்கு வந்திருக்கிறேன். மாடிப்படியில் முழங்கால் வலிப்பதில்லை. அதைவிட வியப்பு ஒன்று உண்டு. முப்பது வருடமாக மாலை ஐந்து மணிக்கு என் தலைக்குள் முறுக்கு டப்பா கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் அந்த டப்பாவைத் திறந்து மகனுக்கு எடுத்துக் கொடுத்து, மூடி வைத்துவிட்டு வந்தேன். அடுப்படியைத் தாண்டியபிறகுதான் நான் ஒன்றுகூட எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் நாக்கை அடக்கத் தெரியாதவள் என்று ஏச்சு வாங்கியிருக்கிறேன். அது உடம்பு செய்த வேலை என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

இவ்வளவும் கிடைத்தபிறகும் அடுத்த மேசைப் பெண்ணிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் போட்டுக்கொண்டிருக்கிறேன், நிறுத்தப்போவதும் இல்லை. ஆனால் அவள் போவதாகச் சொன்னது, ஐந்து நிமிடத்தில் பேசி அனுப்பிவிடும் ஒரு மருத்துவரிடம். பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு மூலத் தொந்தரவு உண்டு, அதை மருத்துவரிடம் சொன்னாயா என்றால், "அதையெல்லாம் எப்படி அக்கா சொல்வது?" என்கிறாள். அதைச் சொல்லி, அவர் நின்று பதில் சொல்லும்வரை பேனா வாங்காதே என்றேன். முகம் வாடிவிட்டது. அடுத்த சனிக்கிழமை, இப்போது என்னைப் பார்க்கும் மருத்துவரிடம் அவளை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.