கும்மாயமா, கெயினர் பவுடரா?

காரைக்குடி ஜிம்முல ஒல்லியா இருக்க தம்பிங்க கேக்குறது இதத்தான்: எட கூட நம்ம செட்டிநாட்டு உளுந்து இனிப்பு கும்மாயம் நல்லதா, இல்ல கடையில விக்கிற எட ஏத்துற கெயினர் பவுடர் நல்லதா?

காசு: பவுடர் டப்பா ஆயிரக்கணக்குல போகும். கும்மாயத்துக்கு வேண்டிய உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி, கருப்பட்டி, நெய் வீட்லயே கெடக்கு.

சத்து: கெயினர்ல பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின்ங்குற மாவுச்சத்துதான், லேபிள திருப்பி பாருங்க. உளுந்துல 100 கிராமுக்கு சுமார் 24 கிராம் புரதம், ஆனா கும்மாயத்துல இனிப்பும் நெய்யும் ஜாஸ்தி (ஆச்சி ஊத்துற நெய்ய பாத்தா நமக்கே பயமாருக்கும்), அதனால ஒரு சின்ன கிண்ணம் போதும்.

வேலை: பவுடர் ஒரு நிமிஷம். கும்மாயம் கிண்டுனா கை வலிக்கும், மாவ மட்டும் மொத்தமா வறுத்து அரைச்சு வச்சுக்கலாம்.

ருசி: கேக்கவே வேணாம்.

ஹாஸ்டல்ல இருக்கவனுக்கு பவுடர், வீட்ல இருக்கவனுக்கு கும்மாயம். எதுன்னாலும் தண்டால், பஸ்கி போடலேன்னா தொப்பதான் வரும் தம்பி. சுகர் இருக்கவங்க டாக்டர கேட்டுட்டு தொடுங்க.